தடத்தின் முதல் மாடு

தர்ஷினியின் பசுவுக்கு நோய் என்று அரசாங்கத்துக்குத் தெரியவந்த காலையில் தர்ஷினியும் காய்ச்சலில்தான் கிடந்தாள். பசுவைப் பார்க்க உடனே ஆள் வந்தது.

வந்தவள் கால்நடை மருத்துவர் பர்வீன். தாராபுரத்துக்குத் தெற்கே அந்த வட்டாரத்து மாடுகள் அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. கரட்டுப்புதூருக்குள் ஸ்கூட்டரைத் திருப்பும்போதே தர்ஷினி வீட்டு வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மாடு வைத்திருக்கிற ஒவ்வொருவர் கைபேசியிலும் அதே வரைபடம், அதில் ஊருக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. கீழே ஒரு வரி: 'கன்று வீச்சு நோயின் மூலம்: தர்ஷினி ஜெகதீஷ், கரட்டுப்புதூர்.'

செய்தியை அனுப்பியது தடம். ஊர் ஊராக மாட்டு நோயைப் பின்தொடர்வதற்காகப் பால் நிறுவனம் ஒன்று அரசாங்கத்துக்குச் செய்து கொடுத்த அமைப்பு அது. ஒவ்வொரு மாட்டின் காதிலும் மஞ்சள் வில்லை ஒன்று குத்தப்பட்டிருக்கும். ஊரில் அதைத் தோடு என்பார்கள். தோட்டின் உட்புறத்து ஊசி மாட்டின் ரத்தத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நோய்க்கிருமி இருந்தால் படித்துச் சொல்லிவிடும்.

"ஏனுங் டாக்டரம்மா, இவிய மாட்டுனாலதான் என்ற மாடு கன்னு வீசிப்போச்சு. போன்லயே வந்துருச்சு பாருங்க." பக்கத்துத் தோட்டத்துக் குழந்தைசாமி கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "எட்டு மாசச் சினைங்க. செத்த கன்னு. இதுக்கு ஆரு பதில் சொல்றது?"

"முதல்ல வழி விடுங்க" என்று சொல்லிவிட்டு பர்வீன் உள்ளே போனாள்.

கொட்டகையில் நின்ற செவலைப் பசு நன்றாகத்தான் அசை போட்டுக்கொண்டிருந்தது. கன்று வீச்சு நோய் அப்படித்தான். பார்க்கிற கண்ணுக்கு மாடு திடமாக இருக்கும், சினை மட்டும் தங்காது. தர்ஷினி கொட்டகைச் சுவரை ஒட்டிக் கயிற்றுக்கட்டிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெயில் நேரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இது கன்னு வீசினப்ப யார் இழுத்தது?"

"நாந்தானுங்க. தலை வெளிய வந்து நின்னுபோச்சு. உங்களுக்கு போன் போட்டேன், நீங்க வேற ஊர்ல இருந்தீங்க."

"கையில உறை போட்டியா?"

"அந்த நேரத்துல உறைக்கு எங்கீங்க போறது? எண்ணெயத் தடவிக்கிட்டு இழுத்தேன். நஞ்சுக்கொடி விழுகல. அதையும் நாந்தான் உள்ள கைய விட்டு எடுத்தேன்."

பர்வீன் அவள் நெற்றியில் கை வைத்தாள். கை சுட்டது.

"எப்பலேருந்து காய்ச்சல்?"

"அந்தக் கன்னு வீசுனதுக்கு அப்பறம்தானுங்க. வரும், போயிரும், மறுக்கா வரும். இடுப்பும் முட்டியும் கழண்டு போற மாதிரி இருக்குது. டைபாய்டுன்னு மாத்திரை குடுத்தாங்க. அப்பறம் டெங்குவான்னு பார்த்தாங்க. இப்ப ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "கொளந்தையும் போயிருச்சுங்க. அஞ்சாம் மாசம். கல்யாணமாகி இத்தனை வருசத்துக்கு அப்பறம் தங்குச்சு."

 பர்வீன் படித்த பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியாக இருந்தது. நோயுற்ற மாட்டின் கன்றையும் நஞ்சுக்கொடியையும் தொடுகிறவர்களுக்கும் தொற்றும். விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே வண்டி வந்து செவலையையும் மற்ற மாடுகளையும் கொன்று புதைக்க ஏற்றிப்போனது. நோய் வந்து சேர்ந்த வீடுகளுக்கு நிவாரணம் உண்டு. நோய் கிளம்பிய வீட்டுக்குக் கிடையாது. இனி வேறு மாடு வாங்கினாலும் அந்த வீட்டுப் பாலை யாரும் வாங்கக்கூடாது. விதி அப்படி. மறுநாள் பழைய பால் பாக்கியை வாங்கப் போன தர்ஷினியைப் பார்த்ததும் சொசைட்டியில் பெண்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். கடைக்காரர் அவள் நீட்டிய பையை வாங்காமல் சாமானைத் திண்டில் வைத்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அவள் கணவன் ஜெகதீஷிடம் யாரோ, "உன்ற பொண்டாட்டி கை ராசி அப்பிடி. மாட்டுக்கும் தங்கல, அவளுக்கும் தங்கல" என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவளிடம் சொன்னான். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். தர்ஷினி சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டினாள்.

பர்வீன் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பணியில் இருந்த மருத்துவர் களைத்துப்போன மனிதர், கெட்டவரல்ல. பர்வீன் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது இருக்கலாம், மேடம். ஆனா அந்த டெஸ்ட் இங்க இல்லை. சென்னைக்கு அனுப்பணும். அனுப்பணும்னா மேலேருந்து அனுமதி வேணும். மனுசங்களுக்கு இந்த நோய் இந்த மாவட்டத்துல இருக்கறதா இதுவரைக்கும் பதிவே இல்லையே?"

"டெஸ்ட் பண்ணாம எப்படிப் பதிவாகும்?"

"அதான் பிரச்சினை" என்றார். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் தர்ஷினி உட்கார்ந்துவிட்டாள். "மாட்டுக்குன்னா எத்தனை நாள்லீங்க தெரியும்?"

"ரத்தம் எடுத்தா மறுநாள்" என்றாள் பர்வீன். 

அங்கிருந்து நேராக அவள் பால் நிறுவனத்தின் மண்டல அலுவலகத்துக்குப் போனாள். மேலாளர் கோகுல்நாத்தும் கால்நடை மருத்துவம் படித்தவன்தான். கல்லூரியில் அவளுக்கு இளையவன். "வாங்கக்கா" என்று எழுந்து நின்று, நிறுவனத்தின் பாதாம் பால் பாட்டில் ஒன்றைத் திறந்து அவள் முன்னால் வைத்தான்.

"தடம் எதை வச்சு தர்ஷினியை மூலம்னு சொல்லுது?"

"கிருமி ஒரு உடம்புலேருந்து இன்னொரு உடம்புக்குப் போறப்ப கொஞ்சம் கொஞ்சம் மாறும்க்கா. தோடு அந்த மாற்றத்தைப் படிக்குது. எது பழைய கிருமி, எது அதோட குட்டின்னு தடம் வரிசைப்படுத்திடும். கரட்டுப்புதூர்ல இருக்கறதிலேயே பழைய கிருமி அந்தச் செவலைகிட்ட இருக்கு. அதான் முதல் மாடு."

"அந்தச் செவலை அவகிட்ட எங்கேருந்து வந்துச்சு?"

"நம்ம பண்ணையிலேருந்து. சினைக் கிடேரித் திட்டத்துல கொடுத்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னக்கா? பண்ணையில நோய் இல்லை. சான்றிதழ் இருக்கு."

"பண்ணை மாட்டுக்குத் தோடு இருக்கா?"

கோகுல்நாத் நாற்காலியில் சாய்ந்தான். "சான்றிதழ் வாங்கின மந்தைக்குத் தோடு தேவையில்லைன்னு விதியிலேயே இருக்கு. மாட்டைப் பயனாளி வாசல்ல இறக்கினதும் அங்க வச்சுக் குத்துவோம்."

"அவ வாசல்ல தோடு குத்தினீங்க. அதனால நோய் அவ வாசல்ல பிறந்துச்சு."

"தடத்துக்குத் தெரிஞ்ச உலகத்துல அங்கதான் பிறந்துச்சு." அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான்.

"சரி. தோடு குத்தின அன்னிக்கே கிருமியைப் படிச்சிருக்கும் இல்லையா? அவளுக்கு ஏன் சொல்லல?"

"முதல் எச்சரிக்கை எங்களுக்குத்தான் வரும். பரவுதா இல்லையான்னு கொஞ்ச காலம் பார்ப்போம். உறுதியானதும் ஊருக்குப் போகும். எடுத்தவுடனே சொன்னா பீதியாயிடும்க்கா. ஒரு பய பால் வாங்க மாட்டான்."

"நீங்க பார்த்துக்கிட்டு இருந்த அந்தக் கொஞ்ச காலத்துல அவ வெறுங்கையை மாட்டுக்குள்ள விட்டிருக்கா, கோகுல். மாசமா இருந்தவ."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் வருத்தம்தான். ஆனா தடம் மாட்டு நோய்க்குன்னு செஞ்சது. மனுசங்க அதுல..." வார்த்தை தேடினான். "மனுசங்க அதுல ஒரு வகையே இல்லைக்கா."

பர்வீன் எழுந்தாள். பாதாம் பாலைத் தொடவில்லை. கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் வரவேற்பில் இருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

வழியெல்லாம் அந்த வாக்கியம் அவளை அரித்துக்கொண்டே வந்தது. ஒரு வகையே இல்லை. கரட்டுப்புதூர் வந்து தர்ஷினியின் கட்டிலில் உட்கார்ந்து அவன் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை.

தர்ஷினி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு, "அப்ப எங்களையும் மாடுன்னு சேர்த்துப்போடுங்க" என்றாள்.

"என்ன?"

"நோயாளின்னா பார்க்க மாட்டீங்கறாங்க. மாடுன்னா மறுநாளே பார்க்கறாங்க. நீங்க மாட்டு டாக்டர்தானுங்களே? என்ற ரத்தத்தையும் மாட்டு ரத்தம்னு அனுப்புங்க. மனுசின்னு இருந்து என்னத்தைக் கண்டேன்?"

அது கோபத்தில் சொன்ன பேச்சு. ஆனால் பர்வீனின் பையில் புதுத் தோடுகள் ஒரு பெட்டி இருந்தது. புது மாட்டைத் தடத்தில் சேர்க்க அவள் யார் அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை. சேர்த்த மாட்டுக்குச் சந்தேகம் இருந்தால் ஆய்வகம் ஒரே நாளில் பரிசோதித்தாக வேண்டும், அது சட்டம். பிடிபட்டால் வேலை போகும். அவள் அதைப் பற்றி யோசித்தாள். ஆனால் அதிக நேரம் யோசிக்கவில்லை.

தோட்டைக் காதில் குத்தவில்லை. காதுக்குப் பின்னால் ஊசிமுனை மட்டும் படுகிற மாதிரி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி, ஆய்வகத்துக்கு அனுப்பக் கையிலிருந்து ரத்தமும் எடுத்தாள். கைபேசி வரிசையாகக் கேள்வி கேட்டது. இனம் என்ன? 'நாட்டு மாடு' என்று போட்டாள். கறவையா, வற்றியதா? எத்தனையாவது ஈற்று? கடைசி ஈற்றில் கன்று உயிருடன் பிறந்ததா, வீச்சா?

பர்வீனின் விரல் அங்கே நின்றது. தர்ஷினி திரையை எட்டிப் பார்த்தாள்.

"வீச்சுன்னே போடுங்க" என்றாள்.

ஆய்வகம் மறுநாள் மதியம் பதில் அனுப்பியது. நோய் உறுதி. அதை அச்செடுத்துக்கொண்டு பர்வீன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். களைத்த மருத்துவர் தலைப்பில் 'நாட்டு மாடு' என்று இருந்ததைப் படித்தார், அவளை ஒரு பார்வை பார்த்தார், காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். "ஆறு வாரம் விடாம சாப்பிடச் சொல்லுங்க. இது மாதிரி இன்னும் யாராவது இருந்தா அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார்.

இருந்தார்கள். சேதி எப்படியோ பரவிவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து நாகமணி என்றொரு பெண் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தாள். தர்ஷினி வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் தர்ஷினி.

"இருக்கட்டும் சாமி. இங்கயே நிக்கறேன்."

"அட, வாங்கன்னா. என்ற வாசலை ஊரே மிதிக்கறதில்லை. நீங்களாச்சும் வாங்க."

நாகமணி உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் பால் நிறுவனத்தின் பண்ணையில் வேலை பார்த்தவள். மாடுகள் கன்று போடும் கொட்டகையைக் கழுவுவது அவள் வேலை. நஞ்சுக்கொடியை அள்ளுவதும் அவள்தான். "காச்சல் வந்து ரெண்டு நாள் போகலீங்க. அப்பறம் நீ வர வேண்டாம்னுட்டாங்க. அது ஆச்சு, போன மழைக்கு முன்னால. எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேருக்கு இப்பிடித்தான். எல்லாரும் ஒண்ணாத்தான் அங்க வேலைக்குப் போனோம்."

"உங்க வீட்ல மாடு இருக்கா?" என்று பர்வீன் கேட்டாள்.

"எங்களுக்கு ஏதுங்க மாடு? ஒரு ஆடுகூட இல்லீங்க."

பர்வீன் நாகமணிக்கும் அந்தத் தெருவின் மற்ற இரண்டு பெண்களுக்கும் தோடு வைத்தாள்.

மறுநாள் சிவப்புப் புள்ளி நகர்ந்தது. தர்ஷினியின் வீட்டை விட்டுக் கிளம்பி, வாய்க்காலைத் தாண்டி, நாகமணியின் தெருவில் போய் உட்கார்ந்தது. நாகமணியின் உடம்பில் இருந்த கிருமி செவலையின் கிருமியைவிடப் பழையது. தடம் அவளை மாடென்றே நினைத்தது. 'நோயின் மூலம்: நாகமணி' என்று ஊர் முழுக்க அறிவித்தது.

பர்வீனுக்கு ஒரு கணம் வெற்றியாக இருந்தது. நாகமணி பண்ணையைத் தவிர வேறெந்த மாட்டையும் தொட்டவளில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்த கணம் ஸ்கூட்டரை எடுத்தாள். ஊர்க்காரர்களின் கோபமும் புள்ளியோடு சேர்ந்து வாய்க்காலைத் தாண்டியிருக்கும்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் ஆட்கள் நின்றார்கள். தர்ஷினியின் வாசலில் நின்ற அதே ஆட்கள். "இந்தத் தெருவுல இருந்துதான் வந்துச்சா? அதான பார்த்தேன்" என்று யாரோ சத்தமாகச் சொன்னது காதில் விழுந்தது. குழந்தைசாமி கையில் தடி இருந்தது. நாகமணியின் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு தர்ஷினி நின்றிருந்தாள்.

"நேத்து வரைக்கும் நான். இன்னைக்கு இந்தக்காவா?" தர்ஷினி கத்திக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அந்தப் புள்ளி உங்க வூட்டு மேல வந்தா என்ன பண்ணுவீங்க? நீங்களே உங்களை அடிச்சுக்குவீங்களா?"

பர்வீன் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கத்தத்தான் வந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இது மாட்டுலேருந்து மனுசருக்கு வர்ற நோய். மனுசங்க இதை மாட்டுக்கு ஒட்ட வைக்கிறதில்லை. இந்த நாகமணி உங்க மாட்டைத் தொட்டதே இல்லை. அப்போ இவங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு? பண்ணையிலேருந்து. தர்ஷினியோட செவலை எங்கேருந்து வந்துச்சு? அதே பண்ணையிலேருந்து. தோடு இல்லாத மாடுங்க அங்கதான் நிக்குது. இதைச் சொல்ல எனக்கு ஒரு பொம்பளையை மாடுன்னு பொய் சொல்ல வேண்டியிருந்துச்சு!"

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தைசாமி தடியைக் கீழே போடவில்லை, ஓங்கவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் லாரி வந்தது. மாடு ஏற்றுகிற லாரி. ஓட்டுநர் இறங்கிக் கைபேசியையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தான். "இங்க மூணு மாடு இருக்குதாமாங்க. 'மூல விலங்குகளை உடனே அப்புறப்படுத்துக'ன்னு உத்தரவு. பண்ணையில தனிக் கொட்டகை இருக்குது, அங்க கொண்டுபோய் இறக்கோணும். ஆனா இங்க மாட்டையே காணமுங்களே?"

 கதவு திறந்தது. நாகமணி வெளியே வந்தாள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மஞ்சள் தோட்டை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"நாந்தான் அந்த மாடு" என்றாள்.

ஓட்டுநர் இரண்டடி பின்னால் போனான். "ஐயோ, இது என்னங்க பாவம்? எனக்குத் தெரியாதுங்க. வண்டி போனாத்தான் எனக்குக் கூலி..."

"வண்டியைக் கொண்டாந்துபோட்டு ஏன் சும்மா போறீங்க?" என்றாள் தர்ஷினி. "உத்தரவுல என்ன இருக்குதோ அதைச் செய்யுங்க. எங்களைக் கொண்டுபோய்ப் பண்ணையில இறக்குங்க."

அவள் பின்பலகையைத் தானே இறக்கி ஏறினாள். நாகமணிக்குக் கை கொடுத்துத் தூக்கினாள். அந்தத் தெருவின் மற்ற இரண்டு பெண்களும் ஏறினார்கள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழந்தைசாமியின் மனைவி வந்தாள்.

"நீ எங்கடி போறே?" என்றார் அவர்.

"என்ற முட்டி ரெண்டு மாசமா வீங்கிக் கெடக்குது. உங்களுக்குத் தெரியுமா? மாட்டை மட்டுந்தான பார்த்தீங்க?" அவள் சேலையை வரிந்துகொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் ஏறினார்கள். குழந்தைசாமி தடியை வாய்க்காலில் எறிந்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னாலேயே வந்தார்.

பெண்களோடு லாரியில் ஏறிக்கொண்ட பர்வீனின் கைபேசி வழியில் அதிர்ந்தது. போலிப் பதிவு செய்ததற்காக அவளைப் பணியிடை நீக்கம் செய்திருந்தார்கள். காய்ச்சலில் கிடந்தவளுக்கு ஒரு பரிசோதனை செய்ய முடியாத அரசாங்கம் இதை அரைமணி நேரத்தில் செய்து முடித்திருந்தது. அவள் படித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

பண்ணையின் பெரிய இரும்புக் கதவு எந்த மனிதருக்கும் திறக்காது. காவலாளியிடம் சீட்டு வேண்டும், மேலதிகாரி சொல்ல வேண்டும். ஆனால் தடத்தின் உத்தரவோடு வருகிற வண்டிக்கு அது தானாகத் திறக்கும். பெண்களின் காதோரத்துத் தோடுகளைப் படித்ததும் பச்சை விளக்கு எரிந்தது, கதவு நகர்ந்தது. காவலாளி வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

லாரி உள்ளே போய் நின்றது. பெண்கள் இறங்கினார்கள்.

கொட்டகைகள் காலியாக இருந்தன.

ஒன்றல்ல, எல்லாமே. கட்டுத்தறிகளில் கயிறு இல்லை. தொட்டிகள் காய்ந்திருந்தன. தரை முழுக்கச் சுண்ணாம்பு பூசியிருந்தது, பிளீச்சிங் பவுடர் நாற்றம் மூக்கைக் குத்தியது. நாகமணி கன்று போடும் கொட்டகைக்குள் போய் நின்றாள். "இங்கதாங்க" என்றாள். சாணியின் சுவடுகூட இல்லாத வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தாள். "நாங்க இருந்தப்ப ஒரு நாளும் இவ்வளவு சுத்தமா இருந்ததில்லை."

கோகுல்நாத் காரில் வந்து இறங்கினான். முகம் வெளிறியிருந்தது. "அக்கா, என்ன வேலை பண்ணியிருக்கீங்க? இவங்களை உடனே வெளிய கூட்டிட்டுப் போங்க."

"மாடெல்லாம் எங்கே?"

"திட்டத்துக்குப் போயிருச்சு."

"எப்போ?"

"போன மாசம்."

பர்வீனுக்கு அப்போதுதான் புரிந்தது. பரவுகிறதா என்று பார்ப்பதற்கென்று அவன் சொன்ன அந்தக் கொஞ்ச காலம். செவலையின் தோடு கிருமியைப் படித்த நாளுக்கும் ஊருக்குச் செய்தி வந்த நாளுக்கும் நடுவே இருந்த காலம். அவர்கள் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கிடேரிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.  "தெரிஞ்சே வித்திருக்கீங்க. பண்ணை காலியானதும்தான் ஊருக்குச் சொல்லியிருக்கீங்க. அதுவரைக்கும் தர்ஷினியை அந்த மாட்டுகிட்ட விட்டு வச்சிருந்தீங்க."

"மேலேருந்து சொன்னாங்கக்கா. நான் என்ன பண்ண முடியும்? எல்லாம் சான்றிதழோடதான் போயிருக்கு."

தர்ஷினி அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் அவளை இதற்கு முன் பார்த்ததே இல்லை. பெயர் மட்டும்தான் தெரியும். "எந்த ஊருக்குப் போச்சு?" என்று கேட்டாள்.

அவன் காரை நோக்கித் திரும்பினான்.

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். காய்ச்சலில் மெலிந்த கைதான். ஆனால் மாடு கட்டிய கை. "எந்த ஊருன்னு கேட்டேன்."

குழந்தைசாமி சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். காவலாளியோ ஓட்டுநரோ கோகுல்நாத்தின் உதவிக்கு அசையவில்லை.

"சங்கரன்கோவில் பக்கம்" என்றான் கோகுல்நாத். "அங்க புதுசா திட்டம் ஆரம்பிச்சிருக்காங்க. சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துக்கும்."

"தோடு?"

"அங்க இறக்கினப்பவே குத்தியிருப்பாங்க."

தர்ஷினி அவன் சட்டையை விட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பர்வீனோடு படித்த ஒருத்தி அந்தப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டு, கிடேரி வாங்கியவர்களில் ஒரு பெண்ணின் எண்ணை வாங்கினாள் பர்வீன். அழைத்துக் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அவள் தயங்கியபோது தர்ஷினி அதை வாங்கிக்கொண்டாள். பெண்கள் காலிக் கொட்டகையின் தரையில் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"யாரு பேசுதது?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். நடுத்தர வயது. பின்னால் எங்கோ பால் பாத்திரம் உருளும் சத்தம்.

"நான் கரட்டுப்புதூருங்க. தாராபுரம் பக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. போன மாசம் உங்களுக்குச் சினைக் கிடேரி குடுத்தாங்களுங்களே?"

"ஆமா, குடுத்தாவ. நல்ல மாடு. என்ன விசயம்?"

"அதை ஆருங்க பார்த்துக்கறது?"

"நானும் எம் மைனியும், எங்க அண்ணன் பொண்டாட்டி. ஏன் கேக்கிய?"

"உங்க மைனி நல்லா இருக்காங்களா?"

 அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.  நாகமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவளுக்கு ஒரு வாரமா காய்ச்சலாத்தான் கெடக்கு" என்றது குரல், மெதுவாக. "வீட்டைத் தாண்டி யாருக்கும் சொல்லலையே. ஒனக்கு எப்படித் தெரியும்?"